சாவடிக்குன்னு வந்த பெட்டி

இல்லக்கா, நீங்க இந்த ஸ்டூல்ல இருங்க, தரை ஈரமா கெடக்கு. நா இந்தச் சாக்க நனைச்சுக்கிட்டே பேசுதேன். இந்தக் காத்துக்கு, கைய நிறுத்துனா சாக்கு காஞ்சிரும். சாக்கு காஞ்சா பானை சுட்டுரும், பானை சுட்டா உள்ள இருக்க மருந்து கெட்டுரும். எங்க அத்தைக்குப் போடுத சுகர் ஊசி மருந்துக்கா. பிரிஜ்ஜில வைக்கணும். பிரிஜ் இருக்கு, ஏன் இல்ல, கல்யாணத்துக்கு எங்க அப்பா வாங்கிக் குடுத்தது. நேத்துலருந்து கரண்ட் இல்ல, அது வெறும் பீரோதான்.

ஐயே, நல்ல தண்ணிய ஊத்துவனா? அரிசி களைஞ்சது, பாத்திரம் அலசுனது, எல்லாத்தையும் இந்த வாளியில சேத்து வச்சிருக்கேன். வாடை அடிக்கத்தான் செய்யும், மூக்க மூடிக்கோங்க.

பேட்டரிப் பெட்டி ஆட்டோவுலயே இருக்கட்டும்க்கா, ஒருத்தரும் தொட மாட்டாவ. தெருச் சாவடிச் சாவியா? அது ஞானதுரை அண்ணாச்சி மடியில இருக்கு. அண்ணாச்சி ராயகிரியில சடங்கு வீட்டுக்குப் போயிருக்காவ. ஆமா, இன்னைக்கு நீங்க பெட்டியக் கொண்டு வாரது தெரிஞ்சேதான் போயிருக்காவ. கரண்ட் போனா என்ன செய்யணும், தண்ணி நின்னா என்ன செய்யணும்னு நீங்க கூட்டம் போட்டு வாய் வலிக்கப் பேசி, தெருவுக்கு ஒரு கமிட்டி போட்டு, கமிட்டிக்கு ஒரு தலைவரப் போட்டு, தலைவர் கையில சாவியவும் குடுத்தாச்சு. இப்பம் கரண்டும் இல்ல, தண்ணியும் இல்ல, தலைவர் பந்தியில இருக்காவ. நீங்க போன் போட்டீங்கள்ல, என்ன சொன்னாவ? கெளம்பிட்டேன்னா? அப்பம் இப்பம்தான் எலை போட்டுருப்பாவ.

சிரிக்காதீங்கக்கா. எனக்கு வயிறு எரியுது. அங்கன பாருங்க, காத்தாடி. குருவிகுளம் வரைக்கும் வரிசையா நிக்கி. அம்புட்டும் கரண்ட் எடுக்குத காத்தாடி, ராப்பகலா சுத்துது. இந்தா, எங்க வீட்டு பேன் மட்டும் சுத்தல. அந்தக் காத்தாடியச் சுத்துத காத்துதான் நேத்து எங்க வேப்பமரத்த ஒடிச்சு லைன் மேல போட்டுச்சு.

கரண்ட் மொதல்ல முழுசா போவல. மூணு லைன்ல ஒண்ணுதான் போச்சு. போர் மோட்டாருக்கு மூணும் வேணும், கொறஞ்சா மோட்டாரத் தொடக்கூடாதுன்னு நீங்களே அன்னைக்குக் கூட்டத்துல சொன்னீங்கள்ல? ஞானதுரை அண்ணாச்சிக்குக் கை பொறுக்குமா? தோட்டத்துல ரெண்டு லைன்லயே கண்டன்சர் போட்டு ஓட்டிப் பழகுன கை. இங்கனயும் போட்டு விட்டாவ. நாங்க பொம்பளைங்க கொடத்தோட நின்னு கை தட்டுனோம், பொய் சொல்லக் கூடாது, நானுந்தான் தட்டுனேன். மொதக் கொடம் ரொம்புததுக்குள்ள குழாய் ரெண்டு இருமு இருமிட்டு நின்னுருச்சு. பூமிக்குள்ள காயில் கருகிப் போச்சு. மிச்ச ரெண்டு லைனும் பெறவு போச்சு. இனி கரண்ட் வந்தாலும் தண்ணி வராது.

அதான்க்கா, அந்தப் பெட்டி. அன்னைக்குக் கூட்டத்துல, யார் வீட்டுக்கு ரொம்ப அவசியமோ அங்கன வைங்க, பேட்டரியில ஒரு சின்ன பிரிஜ் ஓடும்னு சொல்லிட்டு, நீங்க போன் பேச வெளிய போயிட்டீங்க. நடந்தது உங்களுக்குத் தெரியாது. எங்க அத்தை எந்திச்சு, எனக்கு ஊசி மருந்து இருக்கு, எங்க வீட்டுல வைங்கன்னாவ. முத்துமாரியம்மாள்னா இந்தத் தெருவே பயப்படும், அம்புட்டு வாயி. அன்னைக்குக் கொரலே எழும்பல. எதுத்த வீட்டு ராஜகுமாரி அக்கா இருக்காள்ல, ஏத்தே, ஒரு நா ஊசி போடலன்னா ஒன்னயச் சுடுகாடா கூப்புட்டுரும், சோத்தக் கொறச்சுக்கிட்டு ரெண்டு நட நடந்துட்டு வான்னா. எல்லாரும் சிரிக்காவ. அண்ணாச்சியோ, வயசான கட்டைக்கு ஒரு பெட்டியா, சாவடியில வச்சா தெரு பூரா செல்லுக்குச் சார்ஜ் போடலாம்லான்னாவ. முடிஞ்சுது. அத்தை உக்காந்துட்டாவ.

நானா? நா என்னத்தப் பேச. அஞ்சாப்போட நிறுத்திட்டாவ என்னய. நாலு பேரு பாத்தா நாக்கு மேல போய் ஒட்டிக்கிடும். உங்ககிட்ட இம்புட்டுப் பேசுததே எனக்கு ஆச்சரியமா இருக்கு. அன்னைக்கும் வாயத் தொறந்தேன்க்கா. அத்தை என் கையப் புடிச்சு ஒரே அமுக்கு, வளையல் நொறுங்கிப் போச்சு. இங்க பாருங்க, தழும்பு.

இன்னைக்கும் அந்தச் சாவி வாரதுக்குள்ள எப்பிடியாவது உங்ககிட்டக் கேட்டுறணும்னுதான் உள்ள கூப்புட்டேன். கூப்புட்டுட்டு மோட்டாரு கதை, காத்தாடி கதைன்னு சுத்திக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரவுக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவ, புது மருந்துக்கு. பழசு சூட்டுல கெட்டுப் போச்சுன்னு நெனைக்கேன், காலையில போட்ட ஊசி கேக்கல. ஆனா புதுசக் கொண்டாந்தாலும் எங்க வைக்க? இதே பானையிலதான வைக்கணும்? அதுக்குத்தான் இத நனைச்சுக்கிட்டே இருக்கேன்.

மாத்திரையா? வயசானவுகளுக்கு அது போதாதான்னு நீங்களும் கேக்கீங்க. அத்தைக்கு மாத்திரை எதுக்குக்கா, அத்தைக்கு சுகரே கெடையாது.

எம் மவ அனுவுக்குத்தான். இந்தா, உள்ள பாயில சுருண்டு கெடக்காள்ல, அவளுக்கு. ஒண்ணாப்பு போறா. இந்த வயசுல சுகர் வந்த பிள்ளைகளுக்கு மாத்திரை கேக்காதாம், ஊசிதானாம், டாக்டரு சொல்லிட்டாவ. பொம்பளப் பிள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான், கேட்டா மருந்து எனக்குன்னு சொல்லிருங்கன்னு அத்தைதான் ஏத்துக்கிட்டாவ. இளையரசனேந்தல்ல இருக்க எங்க நாத்தனாவுக்கே தெரியாது. அத்தை விசேச வீட்டுக்குப் போனா நாலு பேரு பாக்க லட்ட ஒதுக்கி வைப்பாவ. வீட்டுக்கு வந்து கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருப்பாவ. அவுககிட்ட நா எப்பிடிக் கோவப்பட? ஆனா கோவம் வருதுக்கா. கெழவிக்குன்னு சொல்லப் போய்தான பெட்டி சாவடிக்குப் போவுது? பிள்ளைக்குன்னு சொல்லியிருந்தா அந்த ராஜகுமாரி அக்காவே தலையில தூக்கிக் கொண்டாந்து இங்கன வச்சிருப்பா. அவ வாய்தான் அப்பிடி.

பிள்ள காலையிலருந்து தண்ணி தண்ணிங்கா. குடிச்ச செத்த நேரத்துல ஒண்ணுக்குப் போவா, திரும்பத் தண்ணி. எங்க கொடம் காலியாயிட்டு. இப்பம் அத்தை குடிக்காம வச்சிருக்க செம்புதான் மிச்சம்.

என்னத்த? இந்தா வாரேன்! அத்தை கூப்புடுதாவ, அனு எந்திச்சுட்டாளாம்க்கா. ஆட்டோவுலயா, டவுன் ஆஸ்பத்திரிக்கா? போவோம்க்கா, நீங்க சொன்னாப் போவோம், செத்த இருங்க, அவளத் தூக்கிட்டு வந்துருதேன். ஆனா பெட்டிய இங்கன எறக்கி வச்சிருவோம், திரும்பி வந்தா மருந்துக்கு வேணும்லா. அண்ணாச்சி வந்து, சாவடிக்குன்னு வந்தத எதுக்கு இந்த வீட்டுல எறக்குனீங்கன்னு கேப்பாவ. கேட்டா நீங்க... வாரேன்த்த, வந்துட்டேன்! அத்தை என்னய என்ன வஞ்சாலும் சரிக்கா, மருந்து யாருக்குன்னு அண்ணாச்சி கேட்டா, தெரு பூரா கேக்கட்டும், அனுவுக்குன்னே சொல்லிருங்க.