முதல் கை அரிசி

வள்ளியூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் மடியில் பைபிள் பை. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

"உபதேசியார் பேரன் ஆள இடிச்சுப் போட்டுட்டு வந்துட்டான்னா ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான். பைக்கையும் ஒர்க்ஷாப்புல விட்டாச்சி. நீ பேசாம இரி."

"வண்டில பின்னால இருந்த நான் பாத்தேன்லா. அந்த மனுசன் ரோட்டுல கெடந்து கைய நீட்டுனாரு. நீங்க நிக்காம வந்திய."

"ஏட்டி, பைய பேசு. ஞாயித்துக்கெழம வேதக்கோயில்ல அசனம். ஊருக்கே சாப்பாடு. ஒலைல முதல் கை அரிசி எங்க குடும்பந்தான் போடணும். இந்த வருசம் நான்."

"காலராவுல கெடந்தவங்கள யாரும் தொடாதப்ப உபதேசியாரா இருந்த உங்க தாத்தா தோள்ல தூக்கிட்டுப் போனாரு. அதுக்குத்தான் அவர அரிசி போடச் சொன்னாவ."

"நான் அவரு பேரன்லா?"

"அது ரேசன் கார்டுக்கு ஆவும்."

போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப்பில் பஸ் நின்றது. அந்த அம்மாள் எழுந்தாள்.

"எங்க போற? நம்ம ஊரு இன்னும் வரல."

"ஸ்டேசனுக்கு. நீங்க வந்தா நீங்க சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி அவரைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்களும் எறங்குதியளா?"

அவர் பைபிள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இல்ல. நான் கோயில் ஸ்டாப்."