போனில் இருந்த சாமிகள்

பஸ்சில் டிரைவர், கண்டக்டர், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் மரச்சீனிக் கிழங்குப் பை. மற்றவள் கையில் பழைய போன். பின்னால் நான். மணவாளக்குறிச்சி தாண்டியதும் போன் வைத்திருந்தவள் சொன்னாள்.

“நேத்து சாமிய எல்லாம் அழிச்சிட்டேன்.”

“ஏட்டி, உனக்குப் பைத்தியமா?”

“போன்ல உள்ள சாமிய சொல்லுகேன். தெனமும் காலை வணக்கம்னு சொந்தக்காரங்க அனுப்புன படம். அழிச்சா பாவம்னு வச்சிருந்தேன். மஸ்கட்டுல கால் ஒடிஞ்சு கெடந்த எங்க வீட்டுக்காரரு, கம்பு இல்லாம நடந்து வீடியோ அனுப்பி மூணு நாளாச்சு. போன்ல எடமில்லன்னு அது எறங்கல்ல.”

“புது போன் வாங்கணும்னு கடையில சொன்னாவளே?”

“கடைக்காரங்க சொல்லுவாவ. நானே தேடிக் கண்டுபிடிச்சேன். வாட்ஸ்அப்புல செட்டிங்ஸ், அதுல ஸ்டோரேஜ். எந்த குரூப்பு எவ்வளவு எடம் பிடிச்சிருக்குன்னு வரிசையா காட்டும். எங்க குடும்ப குரூப்புதான் மொதல்ல நிக்கு.”

“ஒவ்வொண்ணா அழிச்சியா?”

“மொதல் படத்தக் கும்பிட்டேன். பொறவு எல்லாத்தையும் சேத்து அழுத்துனேன். இனி படம் தானா எறங்காம நிறுத்தியும் வச்சாச்சு.”

“எத்தன சாமி போச்சு?”

“நாலாயிரத்து முந்நூத்தி ஆறு.”

“எனக்க போனையும் பாத்துத் தா, ஏட்டி.”

“தாறேன். மொத இதப் பாரு.”

அவள் போனை நிமிர்த்திப் பிடித்தாள். திரையில் ஒரு ஆள் சுவரைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு நடந்தார். இருவரும் வாய்விட்டு எண்ணினார்கள். நானும் மனதுக்குள் எண்ணினேன்.

ஏழு அடி.