கல்கண்டு கரையற வரைக்கும்

எல்லாரும் நோட்டும் பேனாவுமா உக்காந்திருக்கீங்க. முதல்ல அதைக் கீழ வைங்க. இப்போ நான் சொல்லப்போறது ஒரு குட்டிக் கதை... எழுதிக்க வேண்டாம், கேட்டாப் போதும்.

கோயமுத்தூர்ல ஒரு நர்சிங் காலேஜ். அங்க லைப்ரரியில வேலை பாக்குறவங்க சங்கரகோமதி. வெளிநாட்டுப் பிள்ளைங்க தமிழ் பேசிப் பழக, வாரத்துல ஒரு மணி நேரம் ஒரு பேச்சுக் குழு நடத்துங்கன்னு பொறுப்பு குடுத்தாங்க. நாளைக்கு நீங்க நடத்தப்போறீங்களே... அதே மாதிரி.

கோமதி சும்மா இருப்பாங்களா? நாப்பது கேள்வி எழுதினாங்க. "உங்க ஊரு எது? கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?" எல்லாம் ரெடி.

முதல் நாள். தான்சானியாவுல இருந்து வந்த பொண்ணு, நீமான்னு பேரு. எழுந்திரிச்சா. "நேத்து... நான்... பஸ்ல..."

அவ்வளவுதான்! நம்ம கோமதி, "அடடா, பஸ்ஸை விட்டுட்டியாம்மா? பரவால்ல, உக்காரு உக்காரு!"

நீமா தலையாட்டிட்டு உக்காந்துட்டா. ஒரு மணி நேரம் ஓடிப்போச்சு. பேசினது யாரு? ஐம்பது நிமிஷம் கோமதிதான்!

சிரிக்கிறீங்க... நாம மட்டும் என்ன பண்றோம்? ஒருத்தர் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினா, பாவம், கஷ்டப்படுதுன்னு உடனே இங்கிலீஷுக்குத் தாவுறோமா இல்லையா? இல்லேன்னா அவங்க வாக்கியத்தை நாமளே முடிச்சு விட்டுருவோம். எல்லாம் நல்ல மனசுதான்... ஆனா அந்த நல்ல மனசுதான் அவங்க வாயை அடைக்குது!

எல்லாரும் போனப்புறம் நீமா நின்னா. இங்கிலீஷ்ல சொன்னா. "மேடம், நான் பஸ்ஸை விடல. பஸ்ல ஒரு அம்மா எனக்கு இடம் குடுத்தாங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். கடையில, ஹாஸ்டல்ல, எங்கயும் யாரும் என்னைப் பேச விடல. அடுத்த மாசம் வார்டுல பரீட்சை. நோயாளிகிட்ட நானே தமிழ்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணும். தப்பு பண்ணினா ஒரு வருஷம் போயிரும்."

கோமதிக்கு முகமே செத்துப்போச்சு. வீட்டுக்கு வந்து அந்த நாப்பது கேள்வியையும் கிழிச்சுப் போட்டாங்க. ஒரு முடிவு எடுத்தாங்க. இனி நான் தயார் பண்ண வேண்டியது கேள்வி இல்ல... என் வாயை!

எப்படி? டப்பாவுல இருந்து பெரிய கல்கண்டா ஒண்ணு எடுத்தாங்க. வாயில போட்டாங்க. இது கரையற வரைக்கும் எதிர்ல இருக்கிறவங்க பேசணும், நான் பேசக்கூடாது. முதல் சோதனை யாரு மேல? வீட்டுக்காரர் மேல!

"கோமதி... இன்னைக்கு ஆபீஸ்ல..."ன்னு ஆரம்பிச்சாரு. பதில் இல்ல. "என்னம்மா, கோவமா? உடம்பு சரியில்லையா?" பதில் இல்ல. மனுசன் பயந்து பயந்து முழுசா சொல்லி முடிச்சாரு. கல்யாணமாகி பதினோரு வருஷத்துல அவர் ஒரு பேச்சை முடிச்சது அன்னைக்குத்தான்!

ஏழு நாளும் விடாம பழகினாங்க. ரெண்டாவது வாரம் வந்துச்சு. நீமா எழுந்திரிச்சா.

"என் அம்மா... போன்ல..." நின்னுட்டா.

அன்னைக்குப் பாக்க வந்து பக்கத்துல உக்காந்திருந்த ஹாஸ்டல் வார்டன், "ஊருக்கு வரச் சொன்னாங்களா?"ன்னு வாயெடுத்தாங்க. கோமதி கையைக் காட்டி நிறுத்தினாங்க. அமைதி... ஃபேன் சத்தம் மட்டும்... முதல் கல்கண்டு கரைஞ்சுபோச்சு. ரெண்டாவதை வாயில போட்டாங்க...

"அம்மா கேட்டாங்க... அங்க உன் பேச்சைக் கேக்க... யாரு இருக்காங்க? நான்... பதில் சொல்லல. இன்னைக்கு... சொல்வேன்."

கோமதி அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் குழுவுல பிள்ளைங்கதான் பேசினாங்க.

பரீட்சை நாள். கட்டில்ல ஒரு லோடுமேன், ஐம்பது வயசு இருக்கும். "ஐயா, எங்க வலிக்குது?"ன்னு நீமா கேட்டா.

"காலு லேசா... ஒண்ணுமில்ல கண்ணு." நிறுத்திட்டாரு.

நீமா அடுத்த கேள்விக்குப் போகல. அவர் முகத்தைப் பாத்துக்கிட்டே நின்னா. பரீட்சை எடுக்கிறவர் வாட்ச்சைப் பாக்குறாரு... "ஏம்மா, சும்மா நிக்கிற?"

நீமா தமிழ்லயே சொன்னா. "அவங்க இன்னும் முடிக்கல, சார்."

அந்த மனுசன் நிமிர்ந்து பாத்தாரு. "கண்ணு... பாதத்துல புண்ணு இருக்குது. ரெண்டு மாசமாச்சு. எனக்குச் சக்கரை. காலை எடுத்துருவாங்கன்னு பயந்து வீட்டுல கூடச் சொல்லலீங்க..."

அன்னைக்கே வைத்தியம் ஆரம்பிச்சாங்க. காலு தப்பிச்சுது. நீமாவும் பாஸாயிட்டா.

ஏங்க, நாளைக்கு உங்க முன்னாடி பதினெட்டுப் பேரு வந்து உக்காருவாங்க. இலக்கணம் தெரியலையேன்னு கவலைப்படாதீங்க. கேள்வி தீந்துபோனாலும் பரவால்ல. அவங்க தடுமாறும்போது நீங்க காத்திருக்கணும். இரக்கப்பட்டு இடையில புகுந்தீங்கன்னா, அவங்க சொல்ல வந்தது உள்ளயே நின்னுபோகும். அது பஸ்ல கிடைச்ச ஒரு இடமா இருக்கலாம்... ஒரு மனுசனோட காலாவும் இருக்கலாம்.

வாசல்ல ஒரு தட்டு நிறைய கல்கண்டு வெச்சிருக்கேன். ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கிட்டுப் போங்க. இப்போ நானும் ஒண்ணு வாயில போட்டுக்கிறேன்... யாருக்கு என்ன சொல்லணுமோ, நிதானமா சொல்லுங்க.