சூரியக் காற்றும் சிலிம் ரிவர் ஸ்டேசனும்

மலேசியாவின் ஈப்போவில் கிளம்பிய ரயிலில் எனக்கு எதிரே இரண்டு இளைஞர்கள். புதுச் சட்டை போட்டிருந்தவன் சிலிம் ரிவர் என்ற ஊருக்கு, வாணியைப் பெண் கேட்கப் போகிறான். பக்கத்தில் இருந்த நண்பன், வாணியின் அப்பாவாக நடித்து அவனுக்குப் பயிற்சி கொடுத்தான்.

“என்னா வேலை தம்பி?”

“சூரியன்லருந்து காத்து வருது அங்கிள். அது சூரியன்ல எந்த எடத்துலருந்து கிளம்புதுன்னு தேடுறேன்.”

“மச்சான், வேலை இல்லன்னே சொல்லிடு லா.”

“கேளு லா. அந்தக் காத்து சில நாள் வேகமா வருது, சில நாள் மெதுவா வருது. வேகமா வர்றது, சூரியனோட எக்ஸ்ரே படத்துல கறுப்பா தெரியிற எடத்துலருந்து. மெதுவா வர்றதுதான் எங்கருந்துன்னு இன்னும் முழுசா பிடிபடல.”

“பிடிபடலன்னு அவருகிட்ட சொல்லாதே. பொண்ணு கெடைக்காது.”

“பிடிபட்டுட்டா எனக்கு வேலையே கெடைக்காது.”

அப்போது கைப்பேசி அடித்தது. வாணியின் அப்பாவேதான். புதுச் சட்டைக்காரன் எழுந்து நின்று பேசினான்.

“வந்துகிட்டே இருக்கோம் அங்கிள். என்னாது, சூரியக் காத்தா? வாணி சொல்லுச்சா?” அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அது எப்படின்னா அங்கிள்...”

ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. நண்பனும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். ரயில் நின்றது. கதவு திறந்து மூடியது. ரயில் மறுபடி கிளம்பியது.

“அடேய், சிலிம் ரிவர் லா! அங்க நிக்கிறது வாணி அப்பா!” நண்பன் ஜன்னலைக் காட்டிக் கத்தினான்.

நடைமேடையில் ஒரு பெரியவர் கைப்பேசியைக் காதோடு அழுத்தி, தலையாட்டிக் கேட்டுக்கொண்டே நின்றார். ரயில் போவதை அவரும் கவனிக்கவில்லை.