நாற்பது ஆரோக்கியமான மூளைகள்

உங்கள் அறைக்குக் கீழே இருக்கும் கடையில் பிளேன்டீ நன்றாகப் போடுகிறார்கள், யோகராஜ். இஞ்சியும் சீனியும் அளவாக இருக்கின்றன. கோர்ட்டுகள் நிறைந்த இந்தப் புதுக்கடை வட்டாரம் முழுவதிலும் நான் நம்பக்கூடிய ஒரே விஷயம் அதுதான். என் சட்டத்தரணியாக நீங்கள் எனக்காக எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

வாசித்தேன். டொக்டர் ரெனால்ட் ஆகிய நான் மருத்துவ மாணவர்களுக்கு நரம்பியல் ஆராய்ச்சிப் பயிற்சி நடத்துபவன். பரிசோதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் நிம்றா என்ற மாணவி ரயிலிலிருந்து விழுந்து இறந்ததற்குக் காரணம், அவளைக் கொண்டுபோய் விட வேண்டிய ஜெயகுமார் என்ற மாணவனின் கவனயீனம். மருத்துவ பீடத்தின் பீடாதிபதிக்கு இது பிடிக்கும். ஜெயகுமாரின் படிப்பு போகும், மறியலில் கம்பி எண்ணவும் நேரலாம். நீங்கள் வழக்கில் வென்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் கதைப்போம்.

என் பயிற்சி என்னவென்று தெரியாமலே எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் என் ஆய்வுகூடத்துக்கு வருவார்கள். தலையில் வயர் தொப்பி மாட்டி மூளை அலைகளைப் பதியவும் வாசிக்கவும் சொல்லிக்கொடுப்பேன். மூளையில் ஆர்வம் வந்து வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ஆராய்ச்சி அனுபவம் என்று ஒரு வரி வேண்டும், அதற்கு என் கையெழுத்து வேண்டும். முதல் நாள் தொப்பியோடு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார்கள். அடுத்த வாரம் கொட்டாவி. டியூஷன் வகுப்புகளில் விடையை மட்டும் விழுங்கி வளர்ந்த கூட்டம். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொன்னால், "சோதனைப் பேப்பருக்கு வருமா சேர்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

கேள்வி கேளுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர்கள் செய்தவற்றில் உருப்படியானதை எடுத்து என் பெயரில் வெளியிட்டேன். அதைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

ஜெயகுமார் இந்தக் கூட்டத்தில் ஆக மொக்கு. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பையன். அவன் லயத்து வரிசை வீடுகளிலிருந்து டொக்டராகப் போகும் முதல் பிள்ளையாம். அவனுடைய தாய் மயிலம்மா ஒருநாள் வந்து, "எம் புள்ளய நீங்கதாங்கய்யா பாத்துக்கணும்" என்று ஒரு பை தேயிலைத் தூளைத் தந்தார். குடிக்க முடியாத தூள். சில பதிவுகளுக்கு ஆட்கள் இரவு முழுவதும் தூங்காமல் வர வேண்டும். அப்படி வந்தவர்களைத் தனியே அனுப்பக்கூடாது. அவர்களை ஓட்டோவில் வீடு வரை கொண்டுபோய் விடும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு மூளை தேவையில்லை.

நிம்றா கொழும்பு, வெள்ளவத்தைப் பிள்ளை. பயிற்சியில் சேர்ந்த நாளே கதவைச் சாத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவளுக்கு வலிப்பு. குளிசை மருந்து போடுவதால் வருவதில்லை. "ஒருத்தருக்கும் சொல்லிடாதீங்க சேர். கலியாணம் பேசிட்டு ஈக்கிறாங்க. மாப்புள வீட்டுக்குத் தெரிஞ்சா எல்லாம் முடிஞ்சி." டொக்டராகப் போகிறவள், வலிப்பைப் பேய் பிடித்ததுபோல ஒளிக்கிறாள். நம்முடைய படித்த குடும்பங்களின் லட்சணம் இது. சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவுமில்லை.

ரயிலில்தான் வருவாளாம். "உள்ளுக்கு நிக்கேலா சேர், சனம். வாசல்ல நிண்டாத்தான் கடல் காத்து வரும்." வலிப்பை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதா என்று ஏசினேன். சிரித்தாள். "குளிசை போட்டா ஒண்டும் வராது சேர்." சரியான பதில். நினைவில் வைத்துக்கொண்டேன்.

என் பெயரை வெளிநாட்டில் தெரியவைத்த ஒரு கட்டுரை இருக்கிறது. ஆரோக்கியமான நாற்பது பேரின் மூளை அலைகளைப் பற்றியது. அந்த நாற்பது பதிவுகளையும் வாசித்துப் பழகும்படி பிள்ளைகளிடம் கொடுத்திருந்தேன். மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு சேர் என்றார்கள். நிம்றா மட்டும் உட்கார்ந்து வாசித்தாள். பிறகு வந்து கேட்டாள்.

"சேர், ஒண்டு கேக்கலாமா? இந்த நாப்பது பேரும் ஒரே ஆள் மாதிரி ஈக்கே. கண்ண மூடினதும் எடப்பக்கம் அலையில ஒரு சின்ன மடிப்பு விழுது. எல்லார்லயும் விழுது."

எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

"யாரோ உங்கள ஏமாத்தி ஈக்கிறாங்க சேர். கட்டுரையும் வந்துட்டு. உங்கட பேருக்குத்தானே பழுது." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காக இரக்கப்பட்டாள், யோகராஜ். அந்த இரக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கேள்வியைப் பொறுத்திருப்பேன்.

கெட்டிக்காரி என்று பாராட்டினேன். இப்போதைக்கு ஒருவரிடமும் மூச்சு விடாதே, புதிதாகப் பதிவெடுத்து நாமே சரிபார்ப்போம், உன்னிலிருந்து தொடங்குவோம் என்றேன். குளிசை அலைகளை மாற்றிவிடும், ஆகவே சில நாட்கள் அதை நிறுத்து, கடைசி இரவு தூங்காமல் வா என்றேன். "பிரச்சின வராதா சேர்?" என்றாள். நான் இருக்கிறேன்தானே என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. அந்த இடத்தில் அவளும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் நடந்துகொண்டாள்.

நான் ஈவிரக்கமில்லாதவன் அல்ல. ஆய்வுகூடத்திலேயே வலிப்பு வந்திருந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றியிருப்பேன். மருந்து மேசையில் இருந்தது. வலிப்பு விஷயம் வெளியே வந்திருக்கும், வீட்டார் அவளைப் பயிற்சியிலிருந்து நிறுத்தியிருப்பார்கள், எனக்கும் அது போதுமாக இருந்தது. வரவில்லை. ஆனால் இன்று எப்படியும் வரும் என்பது அலைகளில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஜெயகுமாரை அழைத்து, கிராண்ட்பாஸில் திருத்தக் கொடுத்த பேட்டரியை எடுத்து வா, நீ வரும்வரை நிம்றா இருப்பாள் என்றேன். கிராண்ட்பாஸ் நெரிசலுக்குள் போனவன் நினைத்த நேரத்தில் திரும்ப மாட்டான். அவன் தலை மறைந்ததும் நிம்றாவிடம், ஜெயகுமாருக்கு வேறு வேலை வந்துவிட்டது, ரயிலில் போ, அதுதான் கெதியாக வீட்டில் சேர்க்கும் என்றேன். காற்றுப் படும்படி நில், தூக்கம் வராது என்றும் சொன்னேன். "தேங்க்ஸ் சேர்" என்றாள்.

பம்பலப்பிட்டி ஸ்டேஷன் தாண்டியதும் விழுந்தாள்.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். அவளுடைய வாப்பா பதியுதீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த நேரமும் உங்களப் பத்தித்தான் சேர் கதைப்பா" என்றார். வலிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, உம்மாவும் பேசவில்லை. நிப்லா என்று அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். நாளைக்கு அவளுக்கும் மாப்பிள்ளை தேட வேண்டும். அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். மகளின் சாவைவிட மாப்பிள்ளை வீட்டுக்குப் பயப்படும் மனிதர்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, இந்த மொக்கன் பீடாதிபதியின் முன்னால் விழுந்து அழும்வரை. "நா லேட்டாயிட்டேன் சார். ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். நாந்தான் சார் அவங்கள கொன்னுட்டேன்." எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் அதைத் தட்டச்சும் செய்துவிட்டீர்கள்.

இவன் கொன்றானாம். மூளை அலையை வாசிக்கத் தெரிய வேண்டும், ஒரு குடும்பத்தின் வெட்கம் எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும், ஒரு பெண் ரயிலில் எங்கே நிற்பாள் என்று தெரிய வேண்டும். இவனுக்கு ஒரு பேட்டரியை நேரத்துக்கு எடுத்துவரத் தெரியாது. மாணவர்களின் வேலையை என் பெயரில் போட்டிருக்கிறேன், யோகராஜ். என் வேலையை ஒரு மாணவனின் பெயரில் போட்டுப் பழக்கமில்லை.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள். நிம்றாவைக் கொன்றவன் நான். தெரிந்து, யோசித்து, அவசரப்படாமல் செய்தேன். ஜெயகுமார் மேல் இரங்கிச் சொன்னதாக ஒரு வரியும் சேர்க்க வேண்டாம்.

பாருங்கள், இவ்வளவு சொன்ன பிறகும் நீங்கள் கேட்கவில்லை, அந்த நாற்பது பேரும் யாரென்று. நிம்றா இருந்தால் கேட்டிருப்பாள். கண்டவனையும் கூட்டிவந்து தொப்பி போட எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கையில் ஒரு நல்ல மூளை இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு நாற்பது தடவையும் தொப்பியை நானே போட்டுக்கொண்டேன். அந்த மடிப்பை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நானே வடிவாகப் பார்த்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை, முழு ஆரோக்கியமான மூளை.