உப்பு அளவா இருக்கு

— மறுபடியும் கேக்கறேன். இந்தக் கலவையை ருசி பார்த்தீங்களா, இல்லையா?

— பார்த்தேன்மா. உப்பு அளவா இருக்கு.

— உப்பா? இந்தக் கரண்டியை இன்னொரு தடவை வாயில வெச்சுட்டு, என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க.

— ம்... நல்லாத்தான் இருக்கு. மிளகு வேணா ஒரு சிட்டிகை சேர்க்கலாம்.

— கடவுளே! இது சர்க்கரைங்க! நேத்துதான் டப்பாவை மாத்தி வெச்சேன். பாலும் பூண்டும் வெண்ணெயும் போட்டு இனிக்க இனிக்கக் கிண்டி வெச்சுட்டு, உப்பு அளவா இருக்குங்கறீங்க?

— சர்க்கரையா?

— மாடிப்படி ஏறும்போதே, இன்னிக்கு வெங்காயம் கொஞ்சம் தீஞ்சிருக்கேன்னு கண்டுபிடிக்கிற ஆளு நீங்க. பதினெட்டு வருஷமா ஓட்டல் அடுப்படியில நிக்கற ஆளு. என்கிட்ட விளையாடறீங்களா?

— நீ முதல்ல உட்காரு.

— உட்கார மாட்டேன். சொல்லுங்க.

— அந்தக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தேனே, அதுலேர்ந்து வாசனை இல்ல. ருசியும் இல்ல. எதைச் சாப்பிட்டாலும் ஈரக் காகிதத்தை மெல்லற மாதிரி இருக்கு.

— அது வந்து ஏழு மாசம் ஆச்சே!

— ஏழு மாசம்தான்.

— இருங்க... இந்தப் பூண்டை முகர்ந்து பாருங்க. இப்பத்தான் நசுக்கினேன்.

— ஒண்ணும் இல்ல.

— மூக்குக்குள்ளயே வெக்கறேன், நல்லா இழுங்க.

— ஒண்ணும் இல்லம்மா. விடு.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போனேன். திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும்னு சொல்லிட்டார்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! போன வாரம் சூப்புல உப்பே போட மறந்துட்டேன். நீங்க ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடிச்சுட்டு ‘அமிர்தம்’னீங்க. நான் வாயில வெச்சப்பறம்தான் தெரிஞ்சுது. என் மனசு நோகக் கூடாதுன்னு பேசாம குடிச்சீங்கன்னு நெனச்சு, அன்னிக்கு முழுக்கப் பூரிச்சுப் போய்க் கிடந்தேன்!

— உனக்குத் தெரிஞ்சா நீ பயந்துடுவேன்னு நெனச்சேன்.

— இப்ப மட்டும் என்ன, குதிக்கறேனா? சரி, கடையில எப்படிச் சமாளிக்கறீங்க?

— தராசுதான். உப்பு இத்தனை கிராம், மிளகு இத்தனை கிராம். பழைய அளவெல்லாம் கைக்குத் தெரியும். வெண்ணெய் காயற சத்தம் காதுக்குத் தெரியும். புதுசா மட்டும் எதுலயும் கையை வெக்கறதில்ல.

— அப்போ... நான் பக்கத்துல வந்து நின்னா?

— எதுக்கு இப்ப அது?

— சொல்லுங்க.

— உன் வாசனை ஒண்ணும் தெரியலைம்மா. அதான் அடிக்கடி உன் கையைப் பிடிச்சுக்கறேன்.

— ...எழுந்திருங்க. மணி பதினொண்ணு ஆகப் போகுது. ஒரு மணிக்கு உங்க முதலாளி வந்துடுவார்.

— வேண்டாம். எனக்கு உடம்பு சரியில்லன்னு போன் பண்ணிச் சொல்லிடறேன்.

— புதுக் கிளைக்குத் தலைமைச் சமையல்காரர் யாருங்கறதை இந்தச் சாப்பாட்டை வெச்சுத்தானே முடிவு பண்றேன்னார்? வேற ரெண்டு பேர் போட்டிக்கு நிக்கறாங்கன்னீங்க. இதை விட்டா உண்டா? இந்தச் சர்க்கரைப் பாலைக் கொட்டுங்க. உருளைக்கிழங்கு எங்க?

— ஆறு கிழங்கு தோல் சீவி வெச்சிருக்கேன்.

— நீங்க வெட்டுங்க. அடுப்பை நான் பார்த்துக்கறேன். வெட்டினதைத் தண்ணியில அலசணுமா?

— அலசவே கூடாது. அதுல இருக்கற மாவுதான் பாலைக் கெட்டியாக்கும். வெண்ணெய் உருகிடுச்சு, சத்தம் கேக்குது பாரு. பூண்டைப் போடு. மைதாவைத் தூவிக் கிளறு. நிறம் மாறிடக் கூடாது.

— பால்?

— கொஞ்சம் கொஞ்சமா. கட்டி தட்டினா மானம் போயிடும். தீயை அணைச்சுட்டு க்ரீம், மிளகுத்தூள்.

— உப்பு நான் போடறேன். ம்... இன்னும் ஒரு சிட்டிகை. ம். இப்ப சரி.

— எப்படி இருக்கு?

— எப்படின்னா... வழுவழுன்னு இறங்குது. கடைசியில பூண்டு மெதுவா வந்து நிக்குது. மிளகு தொண்டையில சுள்ளுங்குது.

— இன்னொரு தடவை சொல்லேன்.

— போங்க, எனக்கு அழுகை வருது.

— அப்புறம் அழு. இப்ப அடுக்கு. ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கணும். மேல பாலை ஊத்திட்டு சீஸைத் தூவு. அலுமினியத் தாளால மூடி ஓவன் அடுப்புல நாப்பது நிமிஷம், தாளை எடுத்துட்டு இருபது நிமிஷம்.

— மணி ஒண்ணு, காலிங் பெல்! அவர்தான். வெளியில எடுத்து வெச்சது ஆறவே இல்ல, அதுக்குள்ள வந்துட்டார். முகத்தைத் துடைங்க.

— வாங்க, முதலாளி. உட்காருங்க.

— சொல்றேன் கேளு, மூணு மாடி ஏறினதுல எனக்குப் பேச்சு வரல. முதல்ல தட்டைப் போடு.

— சூடா இருக்குங்க, மெதுவாச் சாப்பிடுங்க.

— ஆகா! மேல மொறுமொறுப்பு, உள்ள வெச்சதும் கரையுது. உப்பும் அளவு, மிளகும் அளவு. சொல்றேன் கேளும்மா, உன் வீட்டுக்காரர் நாக்கு மாதிரி இந்த ஊர்ல இன்னொரு நாக்கு கிடையாது. மத்த ரெண்டு பேரையும் நான் போய்ப் பார்க்கறதா இல்ல. புதுக் கிளை இவருக்குத்தான்.

— முதலாளி, நான் ஒண்ணு சொல்லணும்.

— என்னங்க, அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்...

— இல்லம்மா. இந்த நாக்குக்காக அந்த வேலையை வாங்கினா எனக்குத் தூக்கம் வராது. முதலாளி, எனக்கு ருசி தெரியாது. வாசனையும் தெரியாது. ஏழு மாசமா இப்படித்தான். இதுக்கு உப்பு போட்டது இவ. என்னை நாளைக்கே நிறுத்தினாலும் சரி.

— முதலாளி? ஏன் கரண்டியைக் கீழ வெச்சுட்டீங்க?

— விளையாடறியா நீ?

— சத்தியமா.

— தினமும் காலையில அடுப்படிக்கு வந்து ‘எப்படிய்யா இருக்கு’ன்னு உன்னைக் கேப்பேனே!

— பயத்துல ‘பிரமாதம்’னு சொல்லிடுவேன்.

— ஐயையோ!

— முதலாளி, மன்னிச்சுடுங்க. உங்களை ஏமாத்தணும்னு...

— நான் எதுக்கு உன்னைக் கேட்டேன்னு நெனச்சே? அதே காய்ச்சல்யா! நீ படுத்த அதே வாரம். எனக்கும் ருசி போச்சு! வெளியில தெரிஞ்சா ஒருத்தன் சாப்பிட வருவானான்னு வாயை மூடிக்கிட்டிருக்கேன்.

— என்னது? இப்பத்தானே உப்பு அளவு, மிளகு அளவுன்னு சொன்னீங்க!

— உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்மா. நான் ஒரு வாய் வெச்சதும் உன் முகம் மலர்ந்துச்சு. சரி, நல்லாத்தான் இருக்கும்போலன்னு அடிச்சு விட்டேன்.

— தண்ணி குடிங்க, முதலாளி. அப்போ கடைக்குத் தினமும் வர்ற அந்த இருநூறு பேரு...

— அதைத்தான்யா நானும் கேக்கறேன்! உன் நாக்கை நம்பி நான் நின்னேன், தராசை நம்பி நீ நின்னே. ஏழு மாசமா நம்ம கடையில யாருய்யா ருசி பார்த்தது?