காசிக் கயிறு

— கட்டியா? மார்லயா? பால் கட்டியிருக்கும், மாரி. மஞ்சளக் கொழச்சுப் பத்துப் போடச் சொல்லு. போ, எந் தோட்டத்துக் கரும்பு காயுது.

— எம்பட புள்ள பால் குடுக்கறத நிறுத்தி நாலு வருசமாச்சுங்க பண்ணாடி. அவ ஆத்தா பூவாத்தாளுக்கும் இதே பத்துத்தான் சொன்னீங்க.

— சொன்னேன். அதுக்கென்ன இப்ப?

— எட்டு மாசத்துல போயிட்டாளுங்க.

— அவ காலம் முடிஞ்சுது. நானா முடிச்சேன்?

— அப்பிடிச் சொல்லலீங்க. நாமக்கல்லுல புள்ளைக்குக் குடுத்த மாத்திரைக்குக் கட்டி அடங்கலீங்க. ஒரே வார்த்தைதானுங்க, எந்த ஊரு ஆசுபத்திரி?

— எந்த ஆசுபத்திரிய கேக்கற?

— பண்ணாடிச்சியக் கூட்டிட்டுப் போனீங்களே, அதுங்க.

— டேய்! மெல்லப் பேசு. உள்ள எம் பொண்ணு வசந்தாமணிய நிச்சயம் பண்ண வந்து உக்காந்திருக்காங்க. அவ ஆத்தா போனது காசிக்கு. மோகனூரே மாலை போட்டு அனுப்புச்சு. வந்ததும் ஊட்டுக்கு ஊடு காசிக் கயிறு குடுத்தோம். உன்ர பொண்டாட்டிக்குங்கூடக் குடுத்தனே!

— குடுத்தீங்க. சாவற மட்டும் அவ கழட்டலீங்க.

— அப்பறம் என்ன?

— ரெண்டு பேருத்துக்கும் ஒரே நோவுங்க. ஆறு வருசங்கழிச்சு பண்ணாடிச்சி உள்ள பலகாரம் வெக்கறாங்க. நல்லா இருக்கட்டுங்க. எம்புள்ளைக்கு இருபத்தாறு வயசுங்க, சாமி.

— எங்க கூட வந்த டிரைவர்தான உனக்குச் சொன்னது? அவன இன்னைக்கே...

— ஐயோ, அவரு மேல ஏனுங்க? பூவாத்தாதான் சொன்னா.

— அவளுக்கு எப்பிடித் தெரியும்?

— சாணி அள்ளுனவ அவதானுங்களே. காசியிலிருந்து நீங்க வந்த வாரம், எருக்குழியில கட்டுத்துணி கெடந்துச்சாம். ஒரு பக்கம் பஞ்சு வெச்சுத் தெச்ச ரவிக்கையும் கெடந்துச்சாம்.

— கேளு, மாரி. புத்துநோவுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, இந்தச் செங்கோட்டையன் ஊட்டுல பொண்ணெடுக்க எவன் வருவான்? நீ அந்த ஆசுபத்திரிக்குப் போனா, யார்ரா வழி சொன்னதுன்னு ஊர் கேக்கும். வைகாசியில கல்யாணம். அது முடியட்டும், நானே சொல்றேன்.

— வைகாசிக்கு இன்னும் நாலு மாசம் இருக்குதுங்களே.

— பொறுத்துக்க. பூவாத்தாளும் வாய் தொறந்து கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.

— கட்டிய சொல்லி வந்து நின்னாளுங்களே. நீங்க பத்துன்னீங்க. அதுக்கு மேல அவ கேக்கலீங்க.

— அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. எங்கியாச்சும் விசாரிச்சுப் போயிருக்கலாமில்ல?

— அந்தக் குழியிலயே செகப்புச் சிலுவ போட்ட ஆசுபத்திரிச் சீட்டும் இருந்துச்சுங்க. எங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. படிச்சவங்க கண்ணுல பட்டா பண்ணாடி ஊட்டு மானம் போயிருமேன்னு, அதையுந் துணியையும் அவதான் கொண்டுபோய் அடுப்புல போட்டா.

— அப்ப அவளுக்குக் கட்டி...

— வந்து ஒரு மாசமுங்க. சாமி, ஏனுங்க செவுத்தப் புடிக்கறீங்க? உக்காருங்க.

— வேண்டாம். இரு. காயிதம் எடுத்துட்டு வாரேன். மெட்ராசு ஆசுபத்திரி பேரு, டாக்டரு பேரு, எல்லாம் எழுதித் தாரேன். எங் கையெழுத்தும் போட்டுத் தாரேன்.

— எழுத வேண்டாமுங்க. வாயில சொல்லுங்க, மனசுல வெச்சுக்கறேன். காயிதம் யார் கண்ணுலயாச்சும் பட்டுட்டா உங்களுக்குத்தானுங்களே தலகுனிவு.